கொடைக் கச்சேரி கேசட்டுகளை ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாக்களைப் பற்றி உங்கள் நெல்லைப் பதிப்பில் சென்ற வாரம் வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நையாண்டி மேளம் என்று ஒவ்வொன்றையும் நிருபர் நேரில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். மகுடம் என்கிற தோல்கருவியை அடிக்கிறவரின் விரல்களை மட்டும் காட்டிய அந்தப் படத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் மூன்றாம் நாள் ராத்திரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குடியழைப்பு முடிந்து, கொடை முடிந்து, புதன்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் பாய் விரித்து உட்கார்ந்து சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் விடிய விடியக் கேட்ட மெல்லிசைக் கச்சேரியும் கொடையில் சேர்ந்ததுதானே? அதை எழுதச் சொல்லித்தான் இந்தக் கடிதம். வாசகர்களிடம் கேட்க ஒரு உதவியும் இருக்கிறது.

நான் பாளையங்கோட்டைக்காரி. சென்னையில் சில வருஷம் எடிட்டிங் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது நண்பர்களோடு சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் 1960களின் நடுவில் கறுப்பின மக்களிடம் பிறந்த ஃபங்க் இசை, எங்கெங்கோ சுற்றி நம்ம ஊர்க் கொடை மேடைவரை எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் படம்.

ஃபங்க் என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தது ரொம்ப எளிமையான ஒரு விஷயம்: தாளத்தின் முதல் தட்டில் அத்தனை பேரும் ஒன்றாக வந்து இறங்க வேண்டும். அப்புறம் அவரவர் வழியில் போய்க்கொள்ளலாம். இதனால் பாடகருக்குப் பின்னால் நின்ற பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் முன்னுக்கு வந்தன. கிட்டார்காரர்கூட மெட்டை விட்டுவிட்டுத் தாளம் வாசித்தார். நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. தவிலும் பம்பையும் சேர்ந்து இறங்குகிற இடத்தில் நாம் என்ன ஆகிறோமோ, அதுதான் அங்கேயும் நடந்தது.

1970களின் பின்பாதியில் இந்த நடை நம் சினிமாப் பாட்டுக்குள் வந்துவிட்டது. இளையராஜாவின் பாட்டுகளில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், பேஸ் கிட்டார் வாசித்த சசிதரன், கீபோர்டு வாசித்த விஜி மானுவல் ஆகியோரின் பெயர்களை இன்று ரசிகர்கள் தேடிப்பிடித்துச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் அதே பேஸை, கேசட்டைத் திரும்பத் திரும்பச் சுற்றிவிட்டுக் காதாலேயே கற்றுக்கொண்டு, நாங்குநேரிப் பக்கம், வள்ளியூர்ப் பக்கம் ஒரு கோயில் திடலில் வாசித்த நம்ம ஊர்ப் பையன் யார்? அவன் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

வயதான கலைஞர்கள் சிலரிடம் பேசியதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கிட்டாரும் டிரம்ஸும் இங்கே பெரும்பாலும் தேவாலயங்கள் வழியாக வந்திருக்கின்றன. பாளையங்கோட்டை, நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று சபைப் பாடகர் குழுக்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசித்த பையன்கள்தான் புதன்கிழமை ராத்திரி அம்மன் கோயில் கொடையில் வாசித்தார்கள். கோயில் கமிட்டிக்காரர்களும் கேட்கவில்லை, சபையிலும் பெரிதாக யாரும் தடுக்கவில்லை. இன்னொரு பக்கம் இலங்கை வானொலி. நம்ம கடற்கரையில் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்கும். சிலோன் மனோகரின் பொப் பாட்டுகளை இவர்கள் அதில் கேட்டுத்தான் எழுதி எடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்காரர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பும் வெளிநாட்டுக் கேசட்டும் மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தன.

இதையெல்லாம் வாயால் சொல்ல ஆள் இருக்கிறது. படத்தில் காட்டவும் கேட்க வைக்கவும்தான் ஒன்றும் இல்லை.

முதல் துப்பு ஒரு கணக்கு நோட்டில் கிடைத்தது. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு கோயிலின் கொடைக் கணக்கு அது. 1983ஆம் வருஷத்துப் பக்கத்தில், இடது புறம் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரித்த வரி, வரவு. வலது புறம் பந்தல், பூ, கிடா, வில்லு, கணியான், மேளம், மைக் செட்டு, வாணம் என்று செலவு வரிசையாக இறங்குகிறது. அதற்குக் கீழே ‘பாட்டுக் கச்சேரி’ என்று ஒரு தொகை. வில்லுக்குக் கொடுத்ததைவிட அதிகம். இன்னும் கீழே, வேறு மையில், ‘கச்சேரி ஆட்கள் காப்பி, பஸ் சார்ஜ்’. அடுத்த வரி, ‘டிரம்ஸ் ஏற்றிய வண்டி வாடகை’. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது. மண் ரோட்டில் டிரம்ஸ் ஏற்றி வந்திருக்கிறார்கள், அதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது! குழுவின் பெயர்தான் நோட்டில் இல்லை. அது நோட்டுக்குள் செருகிவைத்திருந்த ரோஸ் கலர் நோட்டீஸில் இருந்தது. நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் அச்சகத்தின் பெயர். அச்சகத்தைப் பிடித்து, அவர்கள் வழியாகக் குழு நடத்தியவரின் குடும்பத்தைப் பிடித்து, அவர்கள் சொன்ன அடையாளத்தில் அந்தக் காலத்து மைக் செட்டுக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்தோம்.

“எம்மா, எல்லாத்தையும் ஆக்கர் கடையில போட்டாச்சே. ஒண்ணு ரெண்டு மச்சுல கிடந்தாலும் கிடக்கும்” என்றார் அண்ணாச்சி.

கிடந்தது. பிளாஸ்டிக் டப்பாகூட இல்லாமல் ஒரு கேசட். அகுஜா ஆம்ப்ளிபயரிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பதிவு செய்தது. அதனால் கூட்டத்தின் சத்தம் குறைவு, மேடையின் சத்தம் தெளிவு. மேலே ‘கொடை, புதன் ராத்திரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, வருஷம் கிடையாது. பாடிய பாட்டுகளை வைத்துக் கணித்தோம். 1982இல் வந்த படத்தின் பாட்டு இருக்கிறது, அடுத்த வருஷத்துக்குப் பிந்தியது ஒன்றுகூட இல்லை. கணக்கு நோட்டோடு சரியாகப் பொருந்துகிறது.

பாட்டுக்கு நடுவே அறிவிப்புகள் வருகின்றன. இன்னார் அன்பளிப்பு ரூபாய் பதினொன்று. பச்சைச் சட்டை போட்ட பையன் மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறான், வீட்டார் வந்து கூட்டிப் போகவும். அப்புறம் ஒரு குத்துப்பாட்டு தொடங்குகிறது. சரணம் முடிந்து இடையிசை வருகிற இடத்தில், சினிமாவில் உள்ளதை விட்டுவிட்டு டிரம்ஸும் பேஸும் மட்டும் தனியாகப் போகின்றன. பேஸ்காரர் இரண்டே சுரத்தை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறார். முதல் தட்டை மட்டும் விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு தவில் உள்ளே வருகிறது. முந்தின நாள் மேளத்துக்கு வந்தவர் ஊருக்குப் போகாமல் இருந்திருக்கிறார் போல. யாரோ ஒருவர் மைக்கை அவர் பக்கம் நகர்த்துவது கேட்கிறது. டிரம்ஸ் கேட்க, தவில் பதில் சொல்ல, அப்படியே போகிறது, கேசட்டின் அந்தப் பக்கம் தீரும்வரை. டேப் முடிந்து சத்தம் பாதியில் அறுந்துவிடுகிறது. நான் கேட்ட எந்த வெளிநாட்டு ஃபங்க் பதிவுக்கும் இது குறைந்ததில்லை. முழு மனதோடுதான் சொல்கிறேன்.

இப்படி எத்தனை ராத்திரி போய்விட்டதோ. ஏன் யாரும் எடுத்துவைக்கவில்லை என்று யோசித்தால் காரணம் புரிகிறது. கர்நாடக இசைக்கு வானொலியும் சபாக்களும் இருந்தன. வில்லுப்பாட்டையும் கணியானையும் நாட்டார் கலை என்று மதித்துப் பதிவு செய்ய நம்ம பாளையங்கோட்டையிலேயே, தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற இடங்கள் பெரிய வேலை செய்திருக்கின்றன. மெல்லிசைக் குழு இந்த இரண்டு கணக்கிலும் சேரவில்லை. ‘சினிமாப் பாட்டைத்தானே பாடுறான், அதான் ஒரிஜினல் ரெக்கார்டே இருக்கே’ என்று விட்டுவிட்டார்கள். ஒரு அலுவலகத்தில் பழைய ஒலிநாடாக்களைக் கேட்டுப் போனபோது, அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு பதிவு செய்துவிட்டதாகச் சொன்னார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பி.பி.சி.யே 1960களிலும் 70களிலும் டேப் விலையை நினைத்து ஏராளமான நிகழ்ச்சிகளை அப்படித்தான் அழித்தது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், இலவசமாக, பூங்காவில் வைத்து ஒரு பெரிய இசை விழா நடந்தது. ஸ்டீவி வொண்டர், நினா சிமோன், ஃபங்க் இசையின் முன்னோடிகளான ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழு எல்லாரும் மேடையேறினார்கள். மொத்தத்தையும் வீடியோவில் எடுத்தார் ஒருவர், ஏறக்குறைய 40 மணி நேரம். வாங்க ஆளில்லாமல் அந்த நாடாக்களின் பெரும்பகுதி சுமார் ஐம்பது வருஷம் சும்மா கிடந்தது. 2021இல்தான் அது ஆவணப்படமாக வெளிவந்தது. அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கியது. கார்னெல் பல்கலைக்கழக நூலகத்தில் இன்று ஹிப் ஹாப்புக்கு என்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஃபங்க் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய ஆட்டக் கொண்டாட்டங்களுக்கு அடித்த துண்டு நோட்டீஸ்களை அதில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம்ம ரோஸ் கலர் நோட்டீஸ் எந்த விதத்தில் அதற்குக் குறைந்தது? கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகங்களோடு சேர்த்து, மற்றவர்கள் தூக்கிப்போடும் நோட்டீஸ், அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அவர் செய்ததை நம்ம மாவட்டத்தில் பாட்டுக்காக யாராவது செய்ய வேண்டும்.

நாள் கடத்த நேரமும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழை வாசகர்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி வண்ணார்பேட்டை வீடுகளுக்குள் வந்தது. நாங்கள் தேடிப்போன ஒரு பாடகர் வீட்டில், பரணில் இருந்ததைத் துடைப்பதற்காக அந்த வாரம்தான் கீழே இறக்கி வைத்திருந்தார்களாம். கேசட், போட்டோ, பாட்டு எழுதிய நோட்டு எல்லாமே சகதியாகிவிட்டது என்று அந்த அம்மா சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆகவே வாசகர்களே, 1970களிலிருந்து 90கள் வரை நம்ம பக்கம் நடந்த கச்சேரிகளின் கேசட்டோ ஸ்பூல் டேப்போ வீட்டில் இருந்தால் தயவுசெய்து ஆக்கர் கடைக்குப் போடாதீர்கள். ஆசையில் உடனே டேப் ரிக்கார்டரில் போட்டும் பார்க்காதீர்கள். டேப்பில் வெள்ளையாகத் தெரிவது பூஞ்சை. ஓட விட்டால் அது ஹெட்டிலும் ஒட்டும், பதிவையும் உரித்துவிடும். கேசட் டேப்பின் அகலமே நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு இடத்தில் சுருங்கினால் அந்த இடத்துப் பாட்டு போனது போனதுதான். உடைந்த கேசட் என்று ஒதுக்கவும் வேண்டாம். உள்ளே அழுத்திப் பிடிக்கிற பஞ்சு உதிர்ந்திருக்கும், அல்லது டேப் அறுந்திருக்கும். இரண்டையும் சரிசெய்து வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்ட முடியும். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், ஈரம் படாத இடத்தில் வைத்திருந்தால் போதும். நாங்கள் உங்கள் வீட்டுக்கே கருவியோடு வந்து, உங்கள் கண் முன்னால் பிரதி எடுத்துக்கொண்டு கேசட்டை உங்களிடமே தந்துவிடுவோம். பிரதியும் ஒன்று உங்களுக்கு. சிலர் கேஸ் கீஸ் வருமோ என்று தயங்குகிறார்கள். படத்தில் சினிமாப் பாட்டைச் சேர்க்க உரிமையாளர்களிடம் முறைப்படி அனுமதி வாங்குவது எங்கள் பொறுப்பு.

கேசட் இல்லாதவர்களும் உதவலாம். கோயில் கமிட்டிகள் பழைய கணக்கு நோட்டுகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள் நெகட்டிவைத் தேடிப் பாருங்கள். போட்டோ இருந்தால் பின்னால் பென்சிலில் யார், எந்த ஊர் என்று எழுதிவையுங்கள். வலமிருந்து மூன்றாவதாக நிற்கிறவர் யார் என்று சொல்ல இன்று ஆள் இருக்கிறது. அது ரொம்ப நாளைக்கு அல்ல. மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ ஒரு குளிர்சாதன அறையும் ஒலிப்பதிவுகளுக்கு ஒரு அலமாரியும் ஒதுக்கித் தாருங்கள். எங்கள் படம் முடிந்ததும் சேர்த்த அத்தனையையும் அங்கே ஒப்படைத்துவிடுகிறோம்.

கடைசியாக ஒரு கேள்வி. மேலே சொன்ன கேசட்டில் ஒரு பெண் பாடுகிறார். கனமான குரல், மேல் சுதிக்குப் போகும்போது லேசாகக் கரகரக்கும். அறிவிப்பாளர் அவரை ‘நம்ம டீச்சர்’ என்று மட்டும் சொல்கிறார். நோட்டீஸில் பெயர் இல்லை, குழுவில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் நினைவில்லை. 1982, 83 வாக்கில் நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி, களக்காடு வட்டாரத்தில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டே கச்சேரிகளில் பாடிய ஆசிரியை யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவரோ அவர் பிள்ளைகளோ இதைப் படித்தால் தயவுசெய்து இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தகவல் சொல்லட்டும். என் முகவரியும் கைபேசி எண்ணும் அங்கே கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆவணப்படம் எடுக்கும் வாசகி,
பாளையங்கோட்டை.