பேண்ட் 6 இன்டர்வியூவுக்குப் போகும் மகளுக்கு

காரைக்குடி

அன்புள்ள மீனாவுக்கு,

பிரிட்டனில் பேண்ட் 6-க்கு, அதாவது வார்டு பொறுப்பைப் பார்க்கும் சீனியர் நர்ஸ் வேலைக்கு, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நீ சொன்னதும் உங்கப்பா கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அது அவர் பங்கு. என் பங்குக்கு இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று பாதியிலேயே வைத்துவிடுவாய்.

நீ அனுப்பிய விளம்பரத்தில் கட்டாயம் வேண்டியவை என்று ஒரு பட்டியல் இருந்ததே, அதை எடுத்து வை. ஒவ்வொரு வரிக்கும் உன் வார்டில் நடந்த ஒரு சம்பவம் கைவசம் இருக்கணும். என்ன நிலைமை, உன் பொறுப்பு எது, என்ன செய்தாய், கடைசியில் என்ன ஆச்சு என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகு. அங்கே ஸ்டார் முறை என்கிறார்களே, அதுதான். வாயில் வராததற்கு யாரும் மார்க் போட மாட்டார்கள்.

ட்ரிப் ஏற்றத் தெரியுமா என்றெல்லாம் இனி கேட்கப் போவதில்லை. அதெல்லாம் சாதாரண நர்ஸாக இருக்கும் பேண்ட் 5-லேயே முடிந்த கதை. 'நைட் ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் வரவில்லை. ஒரு நோயாளிக்கு பிபி, பல்ஸ், மூச்சு எல்லாம் வைத்துப் போடும் நியூஸ்2 ஸ்கோர் 7 ஆகிவிட்டது. இன்னொருவருடைய மகன் சத்தம் போடுகிறார். என்ன செய்வீர்கள்?' இப்படித்தான் வரும். உன் குணம் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் நானே ஓடி ஓடிப் பார்ப்பேன் என்பாய். புதுசாகச் சேர்ந்தவள் சொன்னால் மெச்சுவார்கள். இன்சார்ஜ் சொன்னால் அது குறை, ஆத்தா. 7 என்றால் எமர்ஜென்சி. டீமைக் கூப்பிட்டுவிட்டு அந்தப் படுக்கையருகே நில், டாக்டரிடம் நிலைமை, பின்னணி, உன் கணிப்பு, என்ன வேண்டும் என்று வரிசையாக எஸ்பார் முறையில் சொல். அந்த மகனிடம் பேச யாரை அனுப்பினாய், ஆள் குறைவை யாருக்குத் தெரிவித்தாய், புது நர்ஸிடம் எந்த நோயாளியை விடவில்லை, இவைதான் அவர்களுக்கு வேண்டும்.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். டியூட்டிக்கு வந்ததும் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்ப்பார். அதன் சாவி மேசை டிராயருக்குப் போய்விடாமல் பேண்டேஜ் துணியால் சிலிண்டர் கழுத்திலேயே கட்டியிருக்கும். லாரிங்கோஸ்கோப்பை விரித்து பல்பு எரிகிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் நாற்காலி. உனக்கும் இப்படி ஏதாவது பழக்கம் இருக்கும். யோசித்து வை, சொல்ல இடம் வரும்.

ஜூனியர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ற கேள்வி நிச்சயம். முதலில் நோயாளியைப் பார், பிபி, பல்ஸ் எடு, டாக்டரிடம் சொல். நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்று உங்கள் நர்சிங் கவுன்சிலான என்எம்சியின் விதியிலேயே இருக்கிறது. ரிப்போர்ட் எழுது. அந்தப் பெண்ணிடம் பேசுவது அதற்கு அப்புறம், தனியாக. இங்கே வார்டு நடுவில் நிறுத்தித் திட்டுவதைத்தான் கண்டிப்பு என்பார்கள். எனக்கு அது பிடித்ததே இல்லை. திட்டு வாங்கியவள் அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாள்.

கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்பார்கள். புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவருக்கு என்ன பயிற்சி, யார் துணைக்கு இருப்பார்கள் என்று கேள். பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுவைக்காதே!

சீப்புச்சீடை பார்சல் போட்டிருக்கிறேன். முடிந்ததும் கூப்பிடு, இங்கே ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா