பலகை இல்லாத ஊஞ்சல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாகக் கும்பகோணம் வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. பெட்டியை இறக்குவதற்குள் பக்கத்து வீட்டு மாமி வந்து, பாங்காக்கில் என்னென்ன பார்த்தோம் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் சொன்னேன். அவள் போன பிறகுதான் உறைத்தது, உன்னிடம் ஒன்றுமே சொல்லவில்லையே என்று. நீ ஆபீஸிலிருந்து வருவதே இரவு எட்டு மணிக்கு. அப்புறம் தட்டுக்குப் பக்கத்திலேயே லேப்டாப். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாலு வருஷமாக அந்த ஊரில் இருந்துகொண்டு வாட் போ கோயிலைப் பார்த்ததில்லை என்றாயே, அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நான் மட்டும் என்ன யோக்கியம்? தாராசுரம் கூப்பிடு தூரம், போய் ஆறு வருஷம் ஆகிறது.

அரண்மனைக்குப் போன அன்று, நீ எச்சரித்த மாதிரியே ஒருத்தர் வந்து "இன்று மூடிவிட்டார்கள், வேறு கோயில் காட்டுகிறேன்" என்று டுக்-டுக்கில் ஏறச் சொன்னார். அப்பா காது கேட்காதவர் போல நடந்துவிட்டார். வாசலில் அரை டிராயர் போட்டு வந்த பையன்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கடையில் யானைப் படம் போட்ட பேன்ட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்கள். நம் அப்பா வேட்டியில் கம்பீரமாகப் போனார். ஆனால் வழக்கம்போல மடித்துக் கட்டியிருந்தார். காவலர் வாயைத் திறக்கவில்லை, இரண்டு விரலால் கீழே காட்டினார். முப்பத்தைந்து வருஷமாக நான் சொல்லிக் கேட்காத மனிதர், சட்டென்று இறக்கிவிட்டார்!

அரண்மனைக்குள் இருக்கும் கோயிலில் மரகத புத்தர். மரகதம் என்று பேர்தான், கல் மரகதம் இல்லையாம், வேறு ஒரு பச்சைக் கல். உயரம் வெறும் 66 செ.மீ. அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒரு பொன்னாடை, அதை மாற்றுவது அரசர் கை. வெளியே சுற்றுப் பிராகாரத்தில் ராமாயணம், 178 சுவரோவியங்கள். அவர்கள் ராமாயணத்துக்கு ராமகியென் என்று பெயர். அதில் நம் ஆஞ்சநேயர் பிரம்மச்சாரி இல்லை, கயல்! சேது கட்டப் போட்ட கற்களை ராவணன் மகளான கடல்கன்னி ஆள் வைத்துத் தூக்குகிறாள். தடுக்கப் போன இவர் அவள்மேல் காதலில் விழுகிறார். சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாத்துகிற எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே நினைத்துப் பார்.

வாட் போவில் சயன புத்தர் 46 மீட்டர் நீளம். சாரங்கபாணியைப் பார்த்து வளர்ந்தவளுக்குப் படுத்த கோலம் புதிதில்லைதான், ஆனாலும் பாதத்தருகில் அசையாமல் நின்றுவிட்டேன். உள்ளங்காலில் முத்துச் சிப்பியால் 108 மங்கலச் சின்னங்கள் இழைத்திருக்கிறார்கள். முதுகுப் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட வேண்டும். அப்பாவுக்குப் பாதியிலேயே எண்ணிக்கை தப்பிவிட்டது.

அங்கிருந்து படகில் ஆற்றுக்கு அக்கரை போனால் வாட் அருண் கோயில். நம் அருணன் பெயர்தான். கோபுரம் முழுக்கப் பீங்கான் துண்டுகளைப் பூப்பூவாகப் பதித்திருக்கிறார்கள். சீனக் கப்பல்களில் அடிபாரமாக வந்தவையாம். கீறல் விட்ட தட்டைக்கூட வீட்டில் வைக்க விடாத உன் பாட்டி பார்த்திருக்க வேண்டும். படிகள் செங்குத்து. அப்பாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஏறினேன். இறங்கும்போதுதான் கால் நடுங்கியது.

மாரியம்மன் கோயிலுக்கு நீயே கூட்டிப் போனாய், அதை விடு. நான் எழுத உட்கார்ந்ததே அந்த ஊஞ்சலுக்காகத்தான்.

வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே, நடுரோட்டில், சிவப்பு வண்ணம் பூசிய இரண்டு தேக்குத் தூண்கள் எழுபது அடி உயரத்துக்கு நிற்கின்றன. பலகையும் இல்லை, கயிறும் இல்லை. முதலாம் ராமர் என்ற அரசர் 1784-இல் நிறுவியது. இப்போது இருப்பது 2007-இல் புதிதாகச் செய்தது. அந்தக் காலத்தில் விழா நாளில் ஆட்கள் இதில் உந்தி உந்தி ஆடி, மூங்கிலில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். விழுந்து செத்தவர்களும் உண்டு. 1935-இல் நிறுத்திவிட்டார்கள். ஆட்டம்தான் நின்றது, அந்த விழாவின் பூசை பக்கத்திலுள்ள தேவஸ்தானம் என்ற இந்துக் கோயிலில் இன்றும் நடக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் திரியம்பாவாய் திரிபாவாய். மெதுவாகச் சொல்லிப் பார். திருவெம்பாவை, திருப்பாவை! அரண்மனைப் பிராமணர்கள் ஓதுவதும் அந்தப் பாட்டுத்தான், வாய் மாறி வாய் மாறி உச்சரிப்பு தேய்ந்து நமக்கே பிடிபடாதாம். ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியாரைக் கேட்கவா வேண்டும், அப்பா வெயிலில் நிற்க வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார்.

நான் தூணுக்கு நேரே நின்று, மாணிக்கவாசகரின் திருவெம்பாவை முதல் பாட்டை முணுமுணுத்தேன். பஸ் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மார்கழியில் விடியற்காலை உன்னை எழுப்பிச் சொல்ல வைப்பேனே, அதே பாட்டு. நீ போர்வைக்குள்ளிருந்தே ஒப்பிப்பாய்.

அப்பா படம் எடுத்தார். தூண் உச்சிவரை விழுந்திருக்கிறது, என் தலை விழவில்லை. விழா மார்கழி, தை வாக்கில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், நல்லதாக ஒரு படம் எடுத்து அனுப்பு.

ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் புளிக்காய்ச்சல் வைத்துவிட்டு வந்தேன். எடுத்தாயா, இல்லை அப்படியே இருக்கிறதா?

அம்மா