ஒலிவாங்கி வேண்டாம், ஜெபம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாட்டின் ஒற்றுமைக்காக எதிரெதிர் அரசியல் தலைவர்களை ஜெபிக்க அழைக்கும் திருச்சபைகள் முதலில் ஒலிவாங்கியைக் கவனிக்க வேண்டும். வாழ்த்துரைக்கு 2 நிமிடம் கொடுத்தால் அது பிரசாரமாகி நீளும். எதிரணித் தலைவர் பதில் சொல்வார். ஜெபம் கடைசி 5 நிமிடத்துக்குள் சுருங்கிவிடும். தலைவர்கள் பேசவே வேண்டாம். ஒரு வேதபகுதியை ஆளுக்கு இரண்டு வசனமாக வாசிக்கட்டும். ஒரே வரிசை, ஒரே மாதிரி நாற்காலி. ஜெபத்தில் எவர் பெயரையும் புகழ்ந்து சொல்லக் கூடாது. மறுநாள் சுவரொட்டியில் அதுதான் நிற்கும். அழைப்பும் ஒரே சபையிடமிருந்து போகாமல் பல சபைகளின் கையொப்பத்தோடு போகட்டும்.

2019 ஏப்ரலில் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற தென் சூடான் தலைவர்கள், அதிபர் சல்வா கீர், எதிரணித் தலைவர் ரீக் மச்சார் உள்ளிட்டோர், வத்திக்கானில் 2 நாள் தியானத்தில் கூடினார்கள். கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஸ்காட்லாந்து சபைகள் கைகோத்து நடத்திய கூடுகை அது. கால் வலியோடு குனிந்து அவர்கள் பாதங்களை முத்தமிட்டார் போப் பிரான்சிஸ். 2020 பிப்ரவரியில் இரு தரப்பும் சேர்ந்து கூட்டு அரசு அமைந்தது. ஆனால் மோதல்கள் ஓயவில்லை. 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார்.

ஆகவே, கூட்டத்தன்றே அடுத்த சந்திப்புக்கும் தேதி குறியுங்கள். இரு தரப்பும் நம்பும் ஒரு போதகர் இடையில் மாதம் ஒருமுறை இருவரையும் தனித்தனியே, கேமரா இல்லாமல், போய்ப் பார்க்கட்டும்.

– வாசகர்கள் சிலர்