புவி வெப்பம் எப்போது கட்சி விவகாரமானது?

ஆசிரியருக்கு,

கரியமில வாயு பெருகினால் புவி வெப்பம் கூடும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896இலேயே கணக்குப் போட்டுவிட்டார். 1989இல் ஐ.நா. சபையில் இதைப் பற்றி எச்சரித்தவர் அன்றைய பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர். வலதுசாரித் தலைவர், வேதியியல் படித்தவரும்கூட. அப்புறம் தீர்வு என்று பேச்சு வந்தபோதுதான் சிக்கல். நிலக்கரியையும் எண்ணெயையும் யார் குறைப்பது, செலவை யார் ஏற்பது? புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் குறைப்பதற்கான 1997 கியோட்டோ உடன்படிக்கையை அமெரிக்கா கடைசிவரை உறுதிசெய்யவே இல்லை.

செலவைப் பற்றி வாதாடட்டும், சரி, அது அரசியல்தான். ஆனால் செலவு பிடிக்கவில்லை என்பதற்காக அளவீட்டையே பொய் என்கிறார்களே, அதுதான் மனதை வருத்துகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. செலவு பற்றிய வாதத்தையும் அளவீட்டையும் உங்கள் செய்திகளிலாவது பிரித்துக் காட்டுங்கள்.

ஒரு வாசகர்