முற்றத்து மணலை மூடிவிடாதீர்கள்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களில் மழலையர் பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் எழுதுகிறேன். கோடை விடுமுறையில் என் பேத்தியின் பள்ளி முற்றத்தில் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். வேப்பமரத்தடியில் மணல் கிடந்த இடம் அது. மழை பெய்தால் சேறாகிறது, யூனிஃபார்ம் அழுக்காகிறது என்று பெற்றோர் குறைப்பட்டார்களாம். எந்தப் பள்ளி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்களுக்கு நிம்மதியாகிவிடும். பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் போகிறேன். உங்களில் பலர் அதே கல்லைத்தான் பதித்திருக்கிறீர்கள்.

பேத்திக்கு மூன்றரை வயது. தினமும் ஒரு பக்கம் ‘அ’ எழுதிக்கொண்டு போக வேண்டும். பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்துகிறாள், தாள் கிழிகிறது, அழுகிறாள். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ‘பயிற்சி தேவை’ என்று வருகிறது. யாருக்குப் பயிற்சி என்றுதான் தெரியவில்லை.

பிள்ளையின் கைக்கு ஒரு வளர்ச்சிக் கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். கூட்டல் குறியும் சதுரமும் நான்கையொட்டி வரும். முக்கோணம் ஐந்து வயதில். முதலில் தோள் தேறும், பிறகு முழங்கை, அதன்பிறகுதான் விரல். ‘அ’வைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிமிர்ந்த கோடு என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. அகரவரிசையில் முதலில் நிற்பதால் அது எழுதுவதற்கும் எளிது என்று எப்படியோ முடிவு கட்டிவிட்டோம். ‘ட’வுக்கு இரண்டே கோடு. ‘ப’வுக்கு மூன்று.

அந்த இரண்டு கோட்டைத்தான் நான் மணலில் பத்தடி நீளத்துக்குக் கோலப்பொடியால் போடுவேன். அதுதான் தண்டவாளம். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டால் செங்கோட்டை பாசஞ்சர் புறப்பட்டுவிடும். மேலிருந்து கீழே ஓடி, மூலையில் திரும்பி, வலப்பக்கம் போய் நிற்க வேண்டும். பத்து முறை ஓடிய பிறகு, விரலால் மணலில் சின்னதாக ஒரு ‘ட’ போடச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் போட்டுவிடுவார்கள். எழுத்து எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது காலுக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு அதன்பின் வேலை குறைவு.

‘ட’வில் ஒரு சிக்கலும் உண்டு. எழுத எளிது, ஆனால் தமிழ்ச் சொல் எதுவும் அதில் தொடங்காது. படம், குடம், வடம் என்று நடுவில் ஒளிந்துகொள்ளும். அதற்கும் ஒரு விளையாட்டு வைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகள் கைகோத்துத் தோரணமாக நிற்பார்கள்; மற்றவர்கள் ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி’ விளையாட்டில் நுழைவதுபோல் அடியில் நுழைந்து போவார்கள். நான் சொற்களைச் சொல்லிக்கொண்டே வருவேன். பழம், மரம், குடம்... ‘ட’ காதில் விழுந்ததும் தோரணம் இறங்கிப் பிள்ளையைப் பிடித்துவிடும். கண்ணுக்கு முன்னால் காது எழுத்தைப் பிடிக்க வேண்டும் என்பது என் கட்சி.

குறில் நெடிலும் அப்படித்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் அளந்து வைத்திருக்கிறது. பிள்ளைகள் அதைக் காலால் அளப்பார்கள். ‘கல்’ என்றால் ஒரு குதி, ‘கால்’ என்றால் இரண்டு. ‘படம்’, ‘பாடம்’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால் சிரிப்புத் தாங்காது. (ஐ, ஔ இரண்டுக்கும் ஜோடிக் குறில் இல்லை, அவற்றை வேறொரு நாளைக்கு ஒத்திவைத்துவிடுவேன்.)

எழுத்தைக் காட்டிலும் பெரிய பாடம் அந்த ரயிலில்தான் இருந்தது. கார்டு விசில் ஊதினால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும். ஓடத் துடிக்கும் காலை நிறுத்துவது மூன்று வயதில் லேசான காரியமில்லை. கோபத்தில் ஓங்கிய கையை நிறுத்துவதற்கும் அதே திறமைதான் வேண்டும். ஒருமுறை கடிக்கிற பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். அடித்தும் பார்த்திருந்தார்கள், தனியே உட்கார வைத்தும் பார்த்திருந்தார்கள். அவன் கையில் விசிலைக் கொடுத்தேன். ஊதுகிறவன் மற்ற எல்லாரையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் இறங்கவில்லை, யார் விழுந்துவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வாரம் அவன் யாரையும் கடிக்கவில்லை. அடுத்த வாரம் விசில் வேறொருவனுக்குப் போனதும் ஒருத்தியைக் கடித்துவிட்டான். ஆனால் கடித்த பிறகு அவனே வந்து, ‘எனக்கு விசில் இல்லைன்னு கோவம்’ என்றான். மூன்று வயதுப் பிள்ளை தன் கோபத்துக்குப் பெயரும் காரணமும் சொன்ன அந்த நாளை நான் மறக்கவில்லை.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மனத்தில் நடப்பது உடம்பில் தெரியும் என்ற அறிவு நமக்குப் பழையது. உங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் என்று இரண்டுதான் இருக்கின்றன.

நம் தெரு விளையாட்டிலேயே இதற்கெல்லாம் ஏற்பாடு இருந்தது. ஓட முடியாத சின்னப் பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அது அவுட் ஆகாது, வெளியேயும் நிற்காது. சண்டை வந்தால் காய் விடுவோம், மறுநாள் பழம் விடுவோம். சண்டை முடிந்துவிட்டது என்று அறிவிக்க ஒரு விரல் சைகை இருந்தது, பார்த்தீர்களா? பெரியவர்களுக்கு அது கிடையாது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குக் காய் விடவும் வழியில்லை, பழம் விடவும் வழியில்லை.

இதெல்லாம் ஆச்சி காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அரசின் அங்கன்வாடிப் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் இந்த வயதுக்கு விளையாட்டையே வழி என்கிறது. இங்கிலீஷ் மீடியம் என்று பெரிய எழுத்தில் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் சொல்கிறேன். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்த நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் புத்தகமே போட்டார். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு மணல் தட்டு போனது அந்த வழியாகத்தான். அவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டுபோனதன் மேல் நாம் சிமெண்டுக் கல் பதித்துக்கொண்டிருக்கிறோம்.

முற்றம் முழுவதையும் கேட்கவில்லை. நான்கு பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு மூலை போதும். அதற்காகத் தாமிரபரணியில் போய் மணல் அள்ளிவிடாதீர்கள், அந்தப் பாவம் வேண்டாம். சலித்த செம்மண்ணே போதும். பூனைத் தொல்லை நிச்சயம் இருக்கும். இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காலையில் ஒருமுறை வாரி, முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சேறாகத்தான் செய்யும். அந்த இரண்டு மாதமும் ரயில் வராந்தாவில் ஓடட்டும்.

பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டணம் கட்டுகிறவர்கள் நோட்டைத்தான் புரட்டிப் பார்ப்பார்கள். வேறெதையும் நாம் காட்டவில்லையே. மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் அவர்களைக் கூப்பிட்டு வேப்பமரத்தடியில் நிற்க வையுங்கள். தங்கள் பிள்ளை மணலில் ‘ப’ போடுவதைப் பார்த்த பிறகு எத்தனை பேர் யூனிஃபார்மைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்ப்போம்.

விஜயதசமிச் சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கல் பதிக்க ஆள் சொல்லியிருந்தால் ஒரு மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் வந்து தண்டவாளம் போட்டுத் தருகிறேன். கோலப்பொடி நானே கொண்டுவருவேன், விசிலும் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பேத்தி வீட்டில் இருப்பாள், எங்கள் வாசலில் ரயில் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்