அண்ணனும் அரை லிட்டர் தண்ணீரும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள முரளி,

நீ இரண்டு முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அண்ணனுக்கு புராஸ்டேட்டில், அதாவது சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சுரப்பியில், கேன்சர். ஆரம்ப நிலைதான் என்கிறார்கள். கரண்ட் (கதிர் சிகிச்சை) வைக்க தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். மொத்தம் 20 நாள், 9 முடிந்தது.

போனதும் சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். அப்புறம் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நேற்று மெஷின் முக்கால் மணி நேரம் தாமதம். வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் முடியாமல் எழுந்து போனார். திரும்பவும் முதலில் இருந்து தண்ணீர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காரணத்தை அங்கிருந்த பிசிக்ஸ் படித்த பையன் விளக்கினான். புராஸ்டேட்டுக்கு மேலே சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இவை நிறைவதும் குறைவதுமாக இருக்க, புராஸ்டேட் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். தினமும் எடுக்கிற சிடி படத்தில் எலும்பு பளிச்சென்று தெரியும், சதை மங்கல். அதனால் சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டே கதிரைப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. அந்த 'கொஞ்சம்' விழுவது சிறுநீர்ப்பை மேலும் மலக்குடல் மேலும்தான். அண்ணனுக்கு எல்லை வரைய முதல் நாளே எம்ஆர்ஐ எடுத்து சிடி மேல் பொருத்தினார்கள். ஆனால் அது அன்றைய படம்தானே?

இப்போது எம்ஆர்ஐயும் கதிர் மெஷினும் ஒன்றாகவே வந்துவிட்டதாம். பாய்ச்சும்போதே உள்ளே பார்க்கலாம். எம்ஆர்ஐ என்றாலே பெரிய காந்தம், கதிர் மெஷினோ எலக்ட்ரானை ஓட்டித்தான் கதிரை உண்டாக்குகிறது. காந்தத்துக்குப் பக்கத்தில் எலக்ட்ரான் நேராகப் போகாது என்று நம் மூக்குப்பொடி வாத்தியார் போர்டில் வளைத்து வரைவாரே, அதே சிக்கல்தான்! அதைச் சமாளித்து 2017-இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) காந்தத்தோடு முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு சோதனையில், இப்படி எம்ஆர்ஐ பார்த்துக்கொண்டே, சுற்றி விடும் இடத்தை 4 மில்லிமீட்டரில் இருந்து 2 ஆக்கினார்கள். சிகிச்சையை ஒட்டி ஓரளவு கடுமையான சிறுநீர்த் தொந்தரவு வந்த நோயாளிகள் 43 சதவீதத்தில் இருந்து 24 ஆகக் குறைந்தார்களாம். இரண்டே மில்லிமீட்டர், முரளி! நேற்று முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் உன்னைக் கேட்டார். உப்பனாற்றில் போன அந்த சைக்கிளையும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கரண்ட் கிடையாது, அன்றைக்கு வா. வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

உன்,
செல்வம்