சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூர்,
5.10.2025

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதறது. போன் பண்ணினா "லைன்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்"ங்கற. மூணு ஞாயித்துக்கிழமை போயிருச்சு. நான் ஒண்ணும் கோவிச்சுக்கலை. உங்கம்மாதான் ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சுப் போனைப் பாக்கறா.

நேத்து புரட்டாசி மூணாம் சனி. வீரராகவப் பெருமாள் கோவில்ல கால் வைக்க எடமில்லை. உங்க ஹெட் ஆபீஸ்ல இருக்கற நம்ம சம்பந்தி வீட்டுப் பையனும் வந்திருந்தான். "ராஞ்சி யூனிட் எப்படிப்பா போகுது"ன்னு கேட்டேன். அவன் மழையைப் பத்திப் பேசினான். வெயில் மண்டையைப் பொளக்குது, அவன் மழையைப் பத்திப் பேசறான். சரின்னு விட்டுட்டேன். உன்கிட்டயும் ஒண்ணும் கேக்கலை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

இங்கத்த நிலவரம் உனக்குத் தெரிஞ்சதுதான். அமெரிக்காக்காரன் ஆகஸ்ட் 7 அன்னிக்கு 25 சதவீதம் வரி போட்டான், 27 அன்னிக்கு இன்னொரு 25. நம்ம ஊர்ச் சரக்குல மூணுல ஒரு பங்கு அங்கதான் போகுது. நம்ம வீதியிலயே ரெண்டு கம்பெனி ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டா ஆக்கிட்டாங்க. தீபாவளி போனஸ் பேச்சை யாரும் எடுக்கறதில்லை. சரக்கு வாங்கற பையர் தள்ளுபடி கேட்டா, இந்த ஆர்டருக்கு மட்டும்னு எழுத்துல வாங்கச் சொல்லு. ஒருக்கா எறங்குன ரேட் அடுத்த சீசனுக்கு அதுவே ரேட்டாயிரும். அது ஹெட் ஆபீஸ் பாக்கற வேலைம்பே. காஸ்டிங் சீட்டு உன் மேசைக்கும் வருதில்ல?

எது எப்படிப் போனாலும் சனிக்கிழமை சம்பளத்தை மட்டும் தள்ளிப் போடாதே. அங்க மாசச் சம்பளம்னாலும் இதேதான்.

தன்பாத் வண்டியில அந்தப் பக்கத்துப் பிள்ளைக இங்க தைக்க வந்து எறங்கும். நீ அதே வண்டியில ஏறி அங்க மேனேஜராப் போன. அன்னிக்கு எனக்குச் சம்மதமில்லை, ஸ்டேஷனுக்குக்கூட வரலை. இப்ப பேக்கரியில டீ குடிக்கறப்ப, யாரும் கேக்காமலே "எம்பொண்ணு 300 பேரை வெச்சு நடத்தறா"ன்னு நானே ஆரம்பிக்கறேன். ஆனா ஒரு வார்த்தை என்னைக் கேட்டு நீ எதையும் செஞ்சதில்லை. அது உனக்கே தெரியும்.

கேக்காட்டியும் சொல்றேன். வேலை குறையுதுன்னா ஆளைக் குறைக்கறதுக்கு முன்னாடி ஆளுக்கு ரெண்டு மிஷின் பழக்கு. ஓவர்லாக் மட்டும் தெரிஞ்ச பிள்ளை அந்த ஆர்டர் நின்னா சும்மா உக்காந்திருக்கும். பேட்லாக்கும் பழகிட்டா, 500 பீஸ் சின்ன ஆர்டரையும் லைனை மாத்தி ஓட்டிறலாம். பெரிய பையர் கைவிட்டா சின்ன ஆர்டர்தான் சோறு போடும். இங்கிலாந்து ஒப்பந்தம் ஜூலையில கையெழுத்தாச்சு, வரி நீங்க இன்னும் நாளாகும். அந்தப் பையர்களுக்கு இப்பவே சாம்பிள் அனுப்பினாத்தான் அப்ப ஆர்டர் நம்ம கையில இருக்கும். நான் ஒரே பையரை நம்பி இருந்தேன். 2005-ல, வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம்ங்கற கோட்டா போனதும் எல்லாரும் மிஷின் வாங்கறாங்கன்னு பேங்க் கடன்ல 20 மிஷின் எறக்கினேன். தைக்கறது அத்தனையும் அந்த ஒருத்தனுக்கு.

ஆர்டர் இல்லைன்னா இல்லைன்னு நீயே ஃப்ளோருக்குப் போய்ச் சொல்லிரு. சூப்பர்வைசரை விட்டுச் சொல்லாதே, நோட்டீஸ் ஒட்டாதே. பிள்ளைக காண்ட்ராக்டர் வாயில கேக்கறதுக்குள்ள உன் வாயில கேக்கணும். சம்பளத்தை மட்டும் தள்ளாதே. சொன்னேனா? சரி.

மாஸ்டர் மாமா விஷயம் ஒண்ணு இருக்கு. போன்ல சொல்ல வரலை, அதான் லெட்டர்.

2011 ஜனவரி கடைசியில ஐகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லுச்சு. 700-க்கும் மேல பட்டறை, ஒரே அடியில நின்னுச்சு. கோர்ட்டை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அம்மாயி தோட்டத்துக் கிணத்துல தண்ணி என்ன கலர்ல இருந்துச்சுன்னு நீ பாத்திருக்க. அப்ப துணியை எங்கெங்கேயோ அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். பாடித் துணி ஒரு பட்டறை, கழுத்து ரிப்பு இன்னொரு பட்டறை. வெளிச்சத்துல பாத்தா ஒண்ணாத்தான் இருந்துச்சு. டியூப் லைட்டுல காட்டினா பாடி ஒரு நீலம், கழுத்து ஒரு நீலம். மாஸ்டர் என்கிட்ட வந்து, "கலர் ஒட்டலைங்க, நிறுத்திரலாமுங்க"ன்னாரு. கப்பல் தேதிக்கு நாலு நாள். தாண்டினா ஏர்ல அனுப்பணும், அந்தக் காசுக்கு நான் எங்க போவேன்? "வெட்டுய்யா, நான் பாத்துக்கறேன்"னேன்.

6,000 பீஸ். மொத்தமும் ரிஜெக்ட்.

பையரோட ஆள் வந்து நின்னப்ப, "எங்க கட்டிங் மாஸ்டர் கவனிக்கலைங்க"ன்னு சொல்லிட்டேன். அவரு பக்கத்துலதான் நின்னாரு. ஒரு வார்த்தை பேசலை. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் முன்னாடி அவரை வேலையை விட்டு நிறுத்தினேன். அதோட விட்டனா? அவருக்குத் தர வேண்டிய மூணு வாரச் சம்பளத்தையும் நட்டத்துல கழிச்சுக்கிட்டேன். நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்த. "மாஸ்டர் மாமா ஏன் வர்றதில்லை"ன்னு கேட்ட. ஊருக்குப் போயிட்டாருன்னேன். பொறகு உங்கம்மாகிட்டச் சொன்னதையேதான் உன்கிட்டயும் சொன்னேன், அவரு கவனமில்லாம வெட்டி நம்மளை முடிச்சுட்டாருன்னு. நீ இன்னும் அப்படித்தான் நினைச்சுட்டு இருக்க.

அவரு ஊருக்கெல்லாம் போகலை. அவிநாசி ரோட்டுல ஒரு கம்பெனியில இப்பவும் டேபிள்ல நிக்கறாரு. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு தடவை பாத்தேன். அவரு "நல்லாருக்கீங்களா"ன்னு கேட்டாரு. நான் பஸ் வந்துருச்சுன்னு ஏறிட்டேன். என் பஸ்கூட இல்லை அது.

உங்க பட்டியல்ல யார் யார் பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாது. பட்டியல்னு ஒண்ணு இருக்கான்னும் கேக்கலை.

பழைய நோட்டு பீரோவுல இருக்கு. எடுத்துப் பாத்தேன். அவரு கணக்கு 7,200 ரூபாய். பதினாலு வருஷத்துக்கு வட்டி எப்படிப் போடறதுன்னு நீதான் சொல்லணும், எனக்குக் கை ஓடலை. தீபாவளிக்கு வர்றியா? வந்தா ரெண்டு பேரும் போலாம்.

அம்மா கேட்டா, அப்பா வியாபாரத்தைப் பத்தி எழுதியிருந்தாருன்னு சொல்லிரு.

இப்படிக்கு,
அப்பா